மன்னித்துவிட்டாரா, இல்லையா? – வாசகர் கேள்வி பதில்

லெந்து நாட்கள் முடிந்த கையோடு வருகிற கடிதங்கள் எப்போதுமே கொஞ்சம் கனமானவை. நாற்பது நாள் பாவ அறிக்கை, உபவாசம், பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனை என்று எல்லாம் முடிந்து, ஈஸ்டருக்குப் பிரியாணியும் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் உட்கார்ந்து எழுதுகிறார்கள்: "ஐயா, நிஜமாகவே அவர் என்னை மன்னித்துவிட்டாரா?" இந்த மாதம் வந்ததில் பாதிக்கு மேல் இதே கேள்விதான், சட்டைதான் வேறு வேறு. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன், கோபப்படாதீர்கள். பெயரும் ஊரும் போடவில்லை. கேட்டவர்களுக்குத் தங்கள் கேள்வி தெரியும்.

கேள்வி: எனக்கு 46 வயது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாவம் செய்தேன், விவரம் வேண்டாம். அன்றிலிருந்து தினமும் இரவு முழங்கால் போட்டு அதையே அறிக்கையிடுகிறேன். சாட்சி சொல்கிறவர்கள் "பாரம் இறங்கியது, சமாதானம் வந்தது" என்கிறார்கள். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. அப்படியானால் ஆண்டவர் என்னை மன்னிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை தம்பி. "இறங்கவில்லை" என்பது உங்கள் நெஞ்சைப் பற்றிய செய்தி. "மன்னிக்கவில்லை" என்பது ஆண்டவரைப் பற்றிய செய்தி. முதல் செய்தியை வைத்துக்கொண்டு இரண்டாவதை நீங்களாகவே எழுதிவிட்டீர்கள்.

உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும் வசனம்தான், 1 யோவான் 1:9. "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்." இதில் 'இரக்கமும் அன்பும் உள்ளவர்' என்று இருந்திருந்தால் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. 'உண்மையும் நீதியும்' என்று போட்டிருக்கிறது. மன்னிப்பதில் நீதி எங்கே வந்தது? ஒரு கடனை ஒருவர் கட்டி முடித்த பிறகு அதே கடனை இன்னொரு தடவை வசூலிப்பது அநியாயம், அதனால் வந்தது. கிறிஸ்து கட்டியதை உங்களிடம் மறுபடி கேட்க மாட்டார், கேட்டால் அவர் நீதியுள்ளவர் இல்லை. உங்கள் மன்னிப்பு அவருடைய அன்றைய மனநிலையைப் பொறுத்தது அல்ல, அவருடைய நேர்மையைப் பொறுத்தது என்கிறான் யோவான். எனக்கு இது இரக்கத்தைவிடப் பெரிய ஆறுதலாகப் படுகிறது.

கொலோசெயர் 2:14-ல் 'நமக்கு விரோதமாக இருந்த கையெழுத்தைக் குலைத்து, சிலுவையின்மேல் ஆணியடித்து' என்று வருகிறது இல்லையா, அந்தக் 'கையெழுத்து' என்ன என்று இளைஞர்கள் கேட்பார்கள். அங்கே இருக்கிற கிரேக்கச் சொல், கடன் வாங்கியவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் கடன் சீட்டு. நம் ஊர் பாஷையில் புரோநோட்டு.

புரோநோட்டு என்றதும் எனக்கு என் அம்மா ஞாபகம்தான் வரும். அப்பா படுத்த படுக்கையாக இருந்த சமயம், அடுத்த தெருவில் வட்டிக்குக் கொடுக்கிற ஒருவரிடம் அம்மா மூவாயிரம் ரூபாய் வாங்கினார்கள். ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கோணல்மாணலாக அம்மாவின் கையெழுத்து. மாசா மாசம் அவர் சைக்கிளில் வந்து வாசலில் மணி அடிப்பார், கையில் காசு இல்லாவிட்டால் அம்மா அடுக்களைக்குள் போய்ப் பித்தளைக் குடத்துக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள், நாங்கள் போய் "அம்மா இல்லை" என்று சொல்ல வேண்டும். (அந்தப் பொய்களையும் பிறகு அறிக்கையிட்டிருக்கிறேன்.) மாட்டை விற்று ஒரு வழியாகக் கடன் முடிந்தது. அவர் நோட்டைக் கொண்டுவந்து அம்மாவுக்கு முன்னாலேயே நான்காகக் கிழித்துக் கையில் கொடுத்தார். அம்மா அதை அடுப்பில் போட்டார்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன், ஸ்டாம்ப் ஒட்டியிருந்த துண்டு மட்டும் எரியாமல் கொஞ்ச நேரம் சுருண்டுகொண்டே இருந்தது. ஆனால் தம்பி, அதற்கப்புறம் ஒரு வருஷம், தெருவில் எந்தச் சைக்கிள் மணி கேட்டாலும், ஐஸ்காரன் மணி கேட்டாலும்கூட, அம்மா குடத்துக்குப் பின்னால்தான் போய் நிற்பார்கள். போன பிறகுதான் ஞாபகம் வரும், தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள்.

கடன் இருந்ததா? இல்லை. பயம் இருந்ததா? இருந்தது. பயத்தைக் காட்டி "பார், கடன் இன்னும் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? உங்கள் பதினெட்டு வருஷமும் அந்தக் குடத்துக்குப் பின்னால் போயிருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம். ஒரே பாவத்தைத் தினமும் அறிக்கையிடுவது பார்ப்பதற்குத் தாழ்மை மாதிரி இருக்கும், உள்ளே அது "நீர் சொன்னது போதாது, இன்னும் ஒரு தடவை சொல்லும்" என்று அவரைக் கேட்டுக்கொண்டே இருப்பது. மார்ட்டின் லூத்தர் 1505-ல் எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்த புதிதில் இப்படித்தான் இருந்தார், ஒரே மூச்சில் ஆறு மணி நேரம்வரை பாவ அறிக்கை செய்திருக்கிறார் என்று சொல்வார்கள், கேட்டுக்கொண்டிருந்த மூத்த துறவி ஸ்டாபிட்ஸுக்கே பொறுமை போய்விட்டதாம். அத்தனை மணி நேரத்தில் கிடைக்காதது, பிறகு ரோமர் நிருபத்தை வாசிக்கையில்தான் கிடைத்தது.

எனவே இப்படிச் செய்யுங்கள். நீங்கள் நம்புகிற ஒரே ஒரு ஆளிடம், போதகரோ வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்த நண்பரோ, வாயைத் திறந்து ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுங்கள், யாக்கோபு 5:16 அதற்குத்தான் இருக்கிறது. அவர் அந்த 1 யோவான் வசனத்தை உங்கள் முகத்தைப் பார்த்து வாசிக்கட்டும். அன்று இரவிலிருந்து அந்தப் பாவத்துக்காக மன்னிப்புக் கேட்காதீர்கள். நன்றி மட்டும் சொல்லுங்கள். முதல் வாரம் வாய் கூசும், பொய் சொல்கிற மாதிரி இருக்கும். பரவாயில்லை, சொல்லுங்கள்.

கேள்வி: முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனையில் பிரசங்கம் முடிந்ததும் எழுந்து வெளியே வந்துவிடுவேன். பதினோரு வருஷமாகிறது. நான் அபாத்திரமானவள் என்று எனக்குத் தெரியும். "அபாத்திரமாய்ப் புசித்தால் ஆக்கினைத்தீர்ப்பு" என்று வசனமே இருக்கும்போது எப்படி ஐயா தைரியமாகப் போவது?

அம்மா, எங்கள் சபையில் ஒரு தாத்தா இருந்தார். நான் ஊழியத்துக்கு வந்த இரண்டாவது வருஷம், அது ஒரு சின்னக் கிராமச் சபை. திருவிருந்துக்கு முந்திய பாட்டு தொடங்கியதும் செருப்பை எடுத்துக்கொண்டு மெதுவாகப் பக்கத்து வாசல் வழியாகப் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். நான் வயசில் சின்னவன், கேட்கத் தயங்கிக் கேட்காமலே இருந்துவிட்டேன். அவர் இறந்த பிறகு அவருடைய மகள் சொன்னாள், சகோதரனோடு ஒரு வரப்புத் தகராறு, அவர் போய்ச் சமாதானம் கேட்பதற்குள் சகோதரன் செத்துவிட்டார், அதிலிருந்து பந்திக்குப் போகவில்லை என்று. முப்பது வருஷமாம். கேட்காமல் விட்டதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான், அதனால் உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1 கொரிந்தியர் 11-ஐ 27-ஆம் வசனத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவதுதான் நம் பழக்கம், ஆராதனையிலும் அப்படித்தான் எச்சரிக்கை வரும். பத்து வசனம் முன்னால் போய் 17-லிருந்து வாசித்துப் பாருங்கள். பவுல் திட்டுவது யாரை? கொரிந்துவில் வசதியானவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறார்கள், வேலை முடித்து வருகிற ஏழைகளுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை, "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." இல்லாதவர்களை வெட்கப்படுத்திவிட்டு அதே கையோடு கர்த்தரின் அப்பத்தையும் எடுக்கிறார்கள். அதைத்தான் 'அபாத்திரமாய்' என்கிறார். அபாத்திரமா*ய்*, கவனியுங்கள். எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதைச் சொல்லும் வார்த்தை அது, அபாத்திர*மானவர்கள்* யார் என்று ஆளைப் பிரிக்கிற வார்த்தை அல்ல. ஆளைப் பிரிக்க ஆரம்பித்தால் மேஜைக்குப் பின்னால் நிற்கிற போதகரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அடுத்த வசனம் இன்னும் நல்லது. "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்." சோதித்தறிந்து, புசித்து. சோதித்தறிந்து வீட்டுக்குப் போகக்கடவன் என்று எழுதவில்லை. நீங்கள் பாதி வசனத்துக்கு பதினோரு வருஷமாகக் கீழ்ப்படிந்துகொண்டிருக்கிறீர்கள், மீதிப் பாதிக்கும் கீழ்ப்படியுங்கள்.

முதல் பந்தியில் யார் யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு ராத்திரியே மூன்று தடவை மறுதலிக்கப்போகிற பேதுரு. ஓடிப்போகப்போகிற மற்றவர்கள். லூக்கா 22-ல் பாத்திரத்தைக் கொடுத்த பிறகுதான், "என்னைக் காட்டிக்கொடுக்கிறவனுடைய கை என்னுடனேகூடப் பந்தியிலிருக்கிறது" என்கிறார், அதாவது அவனுக்கும் கிடைத்திருக்கிறது. நம்முடைய திருவிருந்து ஒழுங்கிலேயே, மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரர் அல்ல என்று எல்லாரும் சேர்ந்து ஜெபித்துவிட்டுத்தானே எழுந்து போகிறோம்? நீங்கள் அந்த ஜெபத்துக்கு முன்னாலேயே வெளியே போய்விடுவதால் அது உங்கள் காதில் விழவில்லை போல.

யாரோடாவது பேசாமல் இருக்கிறீர்களா, யாருக்காவது ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கிறதா, அதை இந்த வாரமே பாருங்கள், முடிந்த மட்டும் பாருங்கள். அப்புறம் அடுத்த முதல் ஞாயிறு பக்கத்து வாசலோரம் உட்காராமல் நடுவில் உட்காருங்கள். நடுவில் உட்கார்ந்தால் வெளியே போவது சிரமம்.

கேள்வி: கல்லூரி மூன்றாம் வருஷம் படிக்கிறேன். ஜெபிக்கும்போது பரிசுத்த ஆவியானவரைப் பற்றி மகா கேவலமான வார்த்தைகள் மனதில் வருகின்றன. நான் நினைக்கவில்லை, தானாக வருகின்றன. அதற்குப் பரிகாரமாக "இயேசுவின் இரத்தம் ஜெயம்" என்று ஏழு தடவை சொல்கிறேன், எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து. பரீட்சை ஹாலில்கூட இதே வேலை. மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனா?

இல்லை மகனே.

காரணம் சொல்கிறேன். மாற்கு 3-இல் ஆண்டவர், பரிசுத்த ஆவியைத் தூஷிக்கிறவனுக்கு மன்னிப்பில்லை என்ற அந்த எச்சரிக்கையைச் சொன்னதும், ஏன் சொன்னார் என்று மாற்கு உடனே காரணமும் எழுதிவைத்திருக்கிறான்: "அசுத்த ஆவியைக்கொண்டிருக்கிறான் என்று அவர்கள் சொன்னபடியினாலே அவர் இப்படிச் சொன்னார்." பேய் பிடித்தவர்கள் சுகமாவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, யோசித்து, முடிவு செய்து, எருசலேமிலிருந்து வந்து ஊர் முன்னால் நின்று "இது பேய்களின் தலைவன் வேலை" என்று அறிவித்த வேதபாரகர்களைப் பற்றியது அது. வேண்டாம் வேண்டாம் என்று காதைப் பொத்திக்கொள்கிற பையனைப் பற்றியது அல்ல. அதற்கு முந்திய வசனத்தில் எல்லாப் பாவங்களும், எந்தத் தூஷணங்களும் மன்னிக்கப்படும் என்று இருக்கிறதே, அதை யாரும் உனக்கு வாசித்துக் காட்டவில்லையா? "முன்னே நான் தூஷிக்கிறவன்" என்று தன்னைப் பற்றி எழுதிய பவுலின் நிருபங்களைத்தான் நாம் வாராவாரம் வாசிக்கிறோம்.

உனக்கு முன்னால் இதே வழியில் போன ஒருவரைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு பக்கம் பாத்திரங்களுக்கு ஒட்டுப் போடுகிற ஒருவர் இருந்தார், ஜான் பனியன், 1628-ல் பிறந்தவர். அவருடைய மனதுக்குள் "கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு" என்று ஒரு சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. மாட்டேன், ஆயிரம் உலகம் கொடுத்தாலும் மாட்டேன் என்று பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய், ஒரு காலையில் "அவருக்கு இஷ்டமானால் போகட்டும்" என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான், ஏசாவைப் போலச் சேஷ்டபுத்திர பாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையை, விற்றுவிட்டோம், இனி மன்னிப்பே இல்லை என்று நீண்ட காலம் தவித்தார். பிறகு ஒருநாள் வயல்வெளியில் நடந்து போகும்போது, "உன் நீதி பரலோகத்தில் இருக்கிறது" என்ற வார்த்தை மனதில் விழுந்தது. தன் நீதி கிறிஸ்துவே, அவர் பிதாவின் வலதுபாரிசத்தில் இருக்கிறார், தான் நன்றாக இருக்கிற நாளில் அது கூடுவதுமில்லை, மோசமாக இருக்கிற நாளில் குறைவதுமில்லை என்று கண்டுகொண்டார். இதையெல்லாம் சிறையில் இருந்துகொண்டு 1666-ல் எழுதிவைத்தார். பின்னாளில் அவர் எழுதிய மோட்சப் பிரயாணக் கதையைத்தான் நம் திருநெல்வேலி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்று 1894-ல் தமிழ்க் காவியமாக்கினார். முதுகுச் சுமை சிலுவையடியில் அவிழ்ந்து உருண்டுபோகிற கதையை எழுதியவர் முதலில் உன் நிலையில் இருந்தவர் என்று தெரிந்துகொள்.

இப்போது நான் போதகராக அல்ல, தாத்தாவாகச் சொல்வது. தானாக வரும் நினைப்பு, அதைக் கழிக்க ஒரு வாசகம், அதற்கு ஒரு எண்ணிக்கை, தவறினால் முதலிலிருந்து: இந்த வரிசைக்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது, ஓசிடி. சிலருக்குக் கை கழுவுவதில் வரும், சிலருக்குப் பூட்டை இழுத்துப் பார்ப்பதில் வரும், பக்தியுள்ளவர்களுக்கு பக்தியில் வரும். மனநல மருத்துவரைப் போய்ப் பார். மருந்தும் இருக்கிறது, பேசிப் பழக்குகிற சிகிச்சையும் இருக்கிறது. வீட்டில் சொல்லப் பயமாக இருந்தால் முதலில் 14416-க்குப் போன் பண்ணு, அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அவர் மூக்கில் இருக்கிற கண்ணாடியை ஒரு தடவை பார். ஏழு தடவை சொல்வதை நாளைக்கு ஆறாகக் குறைக்காதே, அதுவும் ஒரு எண்ணிக்கைதான். கெட்ட நினைப்பு வந்தால் வரட்டும், தெருவில் நாய் குரைத்தால் ஜெபத்தை நிறுத்திவிட்டா போகிறோம்?

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர், மருமகள் சி.எஸ்.ஐ. நாங்கள் 'அருள்' என்கிறோம், அவள் 'கிருபை' என்கிறாள். இரண்டும் ஒன்றா?

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் ஒன்றுதான், 'காரிஸ்'. உங்கள் மாமியார் காலத்தில் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று சொல்லியிருப்பார்கள், 1995-ல் வந்த திருவிவிலியத்தில் அது "அருள்மிகப் பெற்றவரே வாழ்க", மருமகளின் பழைய மொழிபெயர்ப்பில் "கிருபை பெற்றவளே, வாழ்க". பாவசங்கீர்த்தனம் என்று நீங்கள் சொல்லிவந்தது இப்போது ஒப்புரவு அருட்சாதனம் ஆகியிருப்பதைப் போலத்தான். சொல்லில் மட்டுமில்லாமல் பொருளிலும் நானூறு வருஷத்துக்கு மேலாகச் சண்டை இருந்தது உண்மை. ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் உட்கார்ந்து, மனிதன் நீதிமானாக்கப்படுவது அவன் தகுதியால் அல்ல, கிருபையால்தான் என்று கூட்டாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்களே போட்ட பிறகு நீங்கள் சமையலறையில் ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்? எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை, ஆனால் இது சாம்பாரைத் தீயவிடுகிற அளவுக்கு இல்லை.

கேள்வி: எல்லாம் கிருபை, எல்லாம் கிருபை என்று சொல்லிச் சொல்லி இந்தக் காலத்துப் பிள்ளைகள் எது வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிட்டார்களே?

ரோமர் 6:1. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே பவுலிடம் இதைக் கேட்டுவிட்டார்கள், "கூடாதே" என்று ஒரே வார்த்தையில் பதிலும் சொல்லிவிட்டார். இந்தக் கேள்வி வராத பிரசங்கம் கிருபையைப் பற்றிய பிரசங்கமே இல்லை என்பது என் கட்சி. அப்புறம், 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நம் காலத்தில் நாம் என்னென்ன செய்தோம் என்று நான் கேட்கவில்லை.

கேள்வி: அம்மா படுக்கையில் கிடந்தபோது நானும் என் கணவரும் சேர்ந்து ஒரு பத்திரத்தில் அவர்களுடைய கைரேகையை வாங்கிவிட்டோம். தம்பிக்குச் சேர வேண்டிய எட்டு சென்ட். அம்மாவும் இல்லை, கணவரும் இல்லை. ஆண்டவரிடம் அழுது மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தம்பிக்குத் தெரியாது. ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்றால் அதோடு போதும்தானே?

உங்களுக்கே பதில் தெரியும் சகோதரி, இல்லாவிட்டால் நாலு பக்கம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

வரி வசூலிக்கிற சகேயுவின் கதையில் வரிசையைப் பாருங்கள். காட்டத்தி மரத்தில் இருந்தவனைப் பார்த்து ஆண்டவர் முதலில் சொன்னது "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்பதுதான். பணத்தைத் திருப்பிக் கொடு, அப்புறம் வருகிறேன் என்று சொல்லவில்லை. அவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் இவன் எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்க் கொடுக்கிறேன் என்கிறான். தானாக ஒப்புக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது மோசேயின் சட்டம், எண்ணாகமம் 5:7. இவன் கேட்டதற்கு மேலே போகிறான். மன்னிப்புக்கு விலையாக அல்ல, மன்னிப்பு கிடைத்துவிட்டதால் கை தாராளமாகிவிட்டது.

அதனால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஆண்டவர் மன்னிப்பார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மன்னிக்கப்பட்ட பிறகு அந்த எட்டு சென்ட் ஏன் இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறது? ஒரு பத்திர எழுத்தரையோ வக்கீலையோ பார்த்து, செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்க என்ன செலவாகும் என்று கேளுங்கள். தம்பியிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் கோபப்படுவார், சில வருஷம் பேசாமலும் இருக்கலாம், உங்களை மன்னித்தே ஆக வேண்டும் என்று அவரிடம் வசனம் காட்டாதீர்கள், அந்த உரிமை உங்களுக்கு இல்லை. அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தால் யோவான் 21-ஐ வாசித்துவிட்டுப் போங்கள். பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் பேதுரு மறுதலித்தபோது குளிர் காய்ந்துகொண்டிருந்தது ஒரு கரிநெருப்புக்குப் பக்கத்தில். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் அவனுக்காக மீன் சுட்டு வைத்திருந்ததும் ஒரு கரிநெருப்பின் மேல்தான். புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் வருகிறது. அதே புகை வாசனை, மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி. பழைய இடத்துக்கே கூட்டிக்கொண்டுபோய்த்தான் அவனைத் தேற்றினார், ஆனால் முதலில் "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று சாப்பாடு போட்டார்.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். காலையில் காலில் விழுந்து அழுகிறார், ஜெபிக்கிறார். சபை மூப்பர்கள் வந்து "ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறார், நீ கிருபை காட்டினால் திருந்துவான்" என்று என்னை அம்மா வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள்.

போக வேண்டாம்.

மன்னிப்பது என்றால் பழிவாங்கும் உரிமையை விட்டுக்கொடுப்பது. அடி வாங்க மறுபடி போய் நிற்பது அல்ல. தீர்க்கதரிசி நாத்தானிடம் தாவீது ராஜா "பாவஞ்செய்தேன்" என்றதும் "கர்த்தர் உமது பாவம் நீங்கச்செய்தார்" என்று உடனே பதில் வந்தது, ஆனால் அவன் செய்ததின் விளைவு அவன் வீட்டை விட்டுப் போகவில்லை. உங்கள் கணவரை ஆண்டவர் மன்னிப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் குடியை விட்டுவிட்டாரா என்பதை அழுகையை வைத்து அல்ல, மாதக் கணக்கை வைத்துத்தான் சொல்ல முடியும். சிகிச்சைக்குப் போகட்டும். மூப்பர்களுக்குக் கிருபை காட்ட ஆசையாக இருந்தால், அவர்களில் ஒருவர் அவரைத் தன் வீட்டில் ஆறு மாதம் வைத்துக்கொள்ளட்டும். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது, 181 என்ற எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம். இந்தப் பக்கத்தை வெட்டி மூப்பர்களிடம் காட்டுங்கள், என்னிடம் சண்டைக்கு வரட்டும்.

கேள்வி: அப்பா முப்பது வருஷமாக ஆலயத்துப் பக்கமே போகவில்லை. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் பேச்சு குழறிப்போன நிலையில் "இயேசுவே" என்று மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னார். அது வலியில் சொன்னதா, ஜெபமா என்று தெரியவில்லை. அது போதுமா ஐயா? கல்லறையில் எந்த வசனம் போடுவது என்றும் அண்ணனுக்கும் எனக்கும் வாக்குவாதம்.

வலியில் சொன்னதற்கும் ஜெபத்துக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது என்று எனக்கு இந்த வயதிலும் பிடிபடவில்லை அம்மா. சங்கீதங்களில் பாதி வலியில் சொன்னதுதான்.

உங்கள் அப்பாவுக்குத் தீர்ப்புச் சொல்லும் நாற்காலி என்னிடம் இல்லை, அதில் உட்கார்ந்திருக்கிறவரைப் பற்றி மட்டும் சொல்லலாம். ஆண்டவருக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கின கள்ளனால் கீழே இறங்கி ஞானஸ்நானம் எடுக்க முடியவில்லை, திருடினதைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, ஒரு ஞாயிறுகூட ஆலயத்துக்கு வர முடியவில்லை, கையைக் கூப்பக்கூட முடியவில்லை, இரண்டும் ஆணியில் இருந்தன. வாய் மட்டும் பாக்கி இருந்தது. அவனுக்குக் கிடைத்த பதில், பார்க்கலாம் என்பது அல்ல, 'இன்றைக்கு'.

வசனம் லூக்கா 23:42 போடுங்கள். "ஆண்டவரே, நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்." கல்லில் வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார், இது ஒன்றும் நீளமான வசனம் இல்லை. அண்ணன் ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள்.